தம்பிக்கு, ஹெரால்டு இன்ஜின் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின படம் வந்தது. படம் மட்டும்தான், எழுத்து ஒன்றும் இல்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறாய். நம் ஹெரால்டு கார் பானெட் என்றால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படி. இந்தப் பக்கம் நீ பிடித்தாய், அந்தப் பக்கம் யார் பிடித்தது? அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அது அம்மிணியின் சைக்கிள் நிற்கிற இடமாச்சே, சைக்கிள் எங்கே என்று கேட்டாள். மாடியில் ஏற்றி வைத்திருப்பான் என்றேன்.

சரி, இன்ஜின் மாற்றுகிற வேலைக்கு வருகிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வேறெதையும் தொடாதே. ரேடியேட்டர், கார்புரேட்டர், சைலன்சர் பைப் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். செயின் புல்லியைப் போர்டிகோ கொக்கியில் மட்டும் மாட்டிவிடாதே. அது ஃபேனுக்குப் போட்டது. இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும், ரெண்டு நாளைக்கு எடு. காசு நான் தருகிறேன்.

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகவே தூக்கிவிடலாம் என்று நினைப்பாய். தூக்கலாம், ஆனால் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து சரிந்துதான் வெளியே வரும், அந்த நேரத்தில் ஒரு ஆளால் சமாளிக்க முடியாது. கியர் பாக்ஸை முதலில் வண்டிக்குள் வழியாகவே எடுத்துவிடு. முன் சீட் ரெண்டையும் எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் நடுவில் இருக்கிற தாங்கியைக் கழற்றினால் டன்னல் மூடி வந்துவிடும், கியர் பாக்ஸ் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட் நாலு, ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர், அப்புறம் பெல் ஹவுசிங் போல்ட்டுகள். அதற்கு முன்னால் ஆயில் சம்புக்கு, அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கிற தொட்டிக்கு, அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடு. பின்பக்கத்தில் இன்ஜினைத் தாங்குவதே கியர் பாக்ஸ் மவுண்டிங்தான். இழுக்கும்போது நேராகப் பின்னால் இழு. கனம் முழுதும் கிளட்ச்சுக்குள் போகிற இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட் கோணிப்போகும். ஒருத்தர் தாங்க, ஒருத்தர் இழுக்க வேண்டும். தனியாகச் செய்யாதே.

ஒன்பதாவது படிக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டி டைமிங் வைத்தவன் நீ. லேத் கடைக்காரர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் அதைச் சொல்கிறார், எனக்கும் கேட்கக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அப்போதிருந்தே கை நசுங்கினாலும் வாய் திறந்து கூப்பிடமாட்டாய். உன்னோடு யாராவது இருக்கணும், தம்பி.

உக்கடத்தில் நான் பார்த்து வாங்கி அனுப்பின இன்ஜின் கெசல் காருடையது. சந்தேகம் வேண்டாம், இதுவும் அதே 948 சிசி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1147, பிறகு 1296 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். மெட்ராஸில் செய்த ஹெரால்டுக்குக் கடைசி வரை 948தான், பின்னால் வந்த கெசலுக்கும் அதேதான். அதனால் மவுண்டிங்கில் எதையும் வெட்டவோ வெல்டு வைக்கவோ தேவையில்லை. மாருதி இன்ஜினைப் போட்டுவிடு, ஐந்து கியர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நம்முடையது 1969 வண்டி. 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு கொண்டுவந்திருக்கிறார்கள், வெட்டி ஒட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். இன்ஜின் நம்பர் மாறுவதை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் ஏற்றிவிடு, வாங்கின ரசீதைப் பத்திரமாக வை.

அந்த இன்ஜினை உள்ளே இறக்குமுன் சம்பைக் கழற்றி த்ரஸ்ட் வாஷரைப் பார்த்தாயா? அரை நிலா மாதிரி ரெண்டு துண்டு, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது அதுதான். இந்த வகை இன்ஜினுக்கு இருக்கிற பெரிய வியாதியே அது. தேய்ந்து தேய்ந்து கழன்று சம்புக்குள் விழும், அதற்கப்புறம் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து போகும். கிராங்கின் ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்கணும். பழசைப் போடாதே, புதுசு போடு. எல்லாம் பூட்டின பிறகு ஒருத்தர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருத்தர் கிராங்கின் முன் புல்லியையே பார்த்துக்கொண்டிருக்கணும். புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னால் வந்தால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். கிளட்ச் ஆயிலில் காற்று எடுக்கிறதும் அப்படித்தான், மிதிக்க ஒரு ஆள், நிப்பிளைத் திறந்து மூட ஒரு ஆள். முன்னெல்லாம் மருமகள் மிதித்துக் கொடுக்கும், அம்மிணி மடியில் உட்கார்ந்துகொண்டு எண்ணும்.

இங்கே ஸ்கூல் திறந்து நாளாச்சு. அங்கேயும் திறந்திருப்பார்கள்.

தென்னையில் வெள்ளை ஈ குறையவில்லை. பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா மருமகளுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறாள், அம்மிணிக்கு ஒரு பாவாடை. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்கச் சொன்னாள். நான் உன் விலாசம்தான் என்றேன். எதற்கும் அவனைக் கேளுங்கள் என்கிறாள்.

நான் நினைத்தது இதுதான். கிளட்ச் பிளேட்டை நடுவாக வைக்க ஒரு பழைய இன்புட் ஷாஃப்ட் வேணும், அது என்னிடம் இருக்கிறது. கிரீஸ் தடவிச் சாக்குத்துணியில் சுற்றி வைத்தது, இன்றைக்குப் பிரித்துப் பார்த்தேன், பல் ஒன்றில்கூடத் துரு இல்லை. கொரியரில் போட மனசில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவும் வருகிறாள். நாலு நாள் இருப்போம். அம்மாவால் உட்கார்ந்துகொண்டு கிளட்ச் மிதிக்க முடியும், முட்டிவலி இப்போது பரவாயில்லை. உன்னிடம் நாங்கள் எதையும் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

அதுவரை இன்ஜினை அசைக்காதே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போ. நாங்கள் வரவேண்டாம் என்றால் வியாழக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்லு. மெசேஜ் வேண்டாம், போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா