பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சல் என்றால் பனடோலோடு நிற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

என் பெறாமகளுக்குப் போன மாதம் இங்கே கொழும்பில் சிசேரியன் செய்து பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாம் நாள் பின்னேரம் குளிர்ந்து நடுங்கிக் காய்ச்சல் வந்தது, பால் கட்டியிருக்கும் என்று அக்கா இரண்டு பனடோல் கொடுத்து ஒத்தடம் பிடித்தாள், இறங்கின காய்ச்சல் இரவு மறுபடி ஏறியது. அடிவயிற்று நோவைத் தையல் நோவு என்று நினைத்துக்கொண்டு பிள்ளை பேசாமல் கிடந்திருக்கிறாள். அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வந்த குடும்பநல மாதுதான் தையலைப் பார்த்துவிட்டு, படுகிற தீட்டு நாறுகிறதா என்று கேட்டார். அதை எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்ல வெட்கம். உடனே வார்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். கர்ப்பப்பையில் கிருமி பிடித்திருந்தது. ஐந்து நாள் ஊசி மருந்து ஏற்றித்தான் சுகமானாள்.

சிசேரியனுக்கு முன்பே கிருமிக்கு ஊசி போட்டார்களே, பிறகு எப்படி என்று நானும் கேட்டேன். வெட்டுவதற்கு முன் போடுகிற அந்த ஊசி தொற்றைப் பாதிக்கு மேல் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. சுகப்பிரசவத்தைவிட சிசேரியனில் தொற்று வருவதற்கான வாய்ப்பு 5 முதல் 20 மடங்கு வரை அதிகம் என்கிறார்கள். அதற்காகச் சுகப்பிரசவம் என்றால் பயமில்லை என்றும் இருக்கக் கூடாது. தண்ணீர்க்குடம் உடைந்து நெடுநேரம் போனாலும், நோவு நீண்டாலும், நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும், கீழே போட்ட தையலிலும் கிருமி பிடிக்கும். அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும், பார்க்க டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம்.

சரி, எங்களுக்கு யார் சொன்னார்கள்? கையில் தந்த துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. போகும்போது ஒரு மிஸ் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாராம், பிள்ளை விளங்காமலே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த மிஸ்ஸில் நான் பிழை சொல்லவில்லை, வார்டு நிறையத் தாய்மார், அவரும் எத்தனை பேருக்குச் சொல்வார். ஆனால் தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. தமிழர் நிறைய இருக்கிற வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் உள்ள இந்த நகரத்தில், எப்போது திரும்பி வரவேண்டும் என்பதையாவது ஒரு தாய்க்குத் தமிழில் கொடுக்க முடியாதா?

அரைப் பக்கம் போதும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டுக்கு மேல் போனால், குளிர்ந்து நடுங்கினால், தீட்டு நாறினால், அடிவயிறு நொந்துகொண்டே இருந்தால், தையல் சிவந்து வீங்கினால் அல்லது சீழ் வந்தால் பத்தியம் முடியட்டும், 31ஆம் நாள் துடக்கு கழியட்டும் என்று பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வா என்று எழுதுங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, ஆள் தடுமாறினாலோ 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதைத் துண்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்கும்படி சுகாதார அமைச்சைக் கேட்கிறேன். அது நடக்கும் வரைக்கும் உங்கள் பத்திரிகையிலாவது இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், வெட்டி எடுத்து நான் எங்கள் கிளினிக் சுவரில் ஒட்டக் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சின்னம்மா,
கொழும்பு 13