அரைப்படிக்கு ஒரு வண்டி

கன்னங்குறிச்சி, சேலம்.
ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தி,

நலம். நீயும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே. சரி, மரியாதை முடிந்தது.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன். திட்டு. போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று சமாளிக்கலாம், ஆனால் போனில் பேசியபோதெல்லாம் ஒரு விஷயத்தை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் இந்தக் கடிதம்.

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன். கியர் வண்டி.

முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

போன வருஷம் ஜூனில் கலந்தாய்வில் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் ஏற்காட்டையும் தாண்டி எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போனால் ஏற்காட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அது போய்விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் பிள்ளைகள் சத்துணவுத் தட்டையே கழுவி வைத்துவிடுவார்கள். அதனால்தான் என் பழைய ஸ்கூட்டரிலேயே போய்வர ஆரம்பித்தேன். ஏறும்போது முக்கும், முனகும், ஆனாலும் ஏறிவிடும். எனக்கு இறக்கத்தில்தான் வந்தது வினை.

நவம்பர் மாதம், நாலரை மணி. நல்ல பனிமூட்டம், மழையும் விட்டுவிட்டுத் தூறுகிறது. வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன். பத்து வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாசனை. அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினால் லிவர் கைப்பிடி வரைக்கும் வருகிறது, வண்டி நிற்கவில்லை. உள்பக்க வாய்க்கால் மேட்டில் கொண்டுபோய்ச் சாய்த்து நிறுத்தினேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் அரைமணி நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். குரங்குகள் வந்து டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, எலுமிச்சை சாதம் பிடிக்காமல் போய்விட்டன.

அடிவாரத்து மெக்கானிக் பாடமே எடுத்தார். "வண்டி மேல தப்பு இல்ல டீச்சர். டிரம் பிரேக்க விடாம புடிச்சா சூடேறும், சூடேறினா புடிக்காது. கியர் வண்டின்னா செகண்டுல போட்டு விட்டா இன்ஜினே புடிச்சுக்கும். உங்க வண்டி வேகம் கொறைஞ்சா கிளட்ச தானா விட்டுரும், அப்புறம் உருண்டுதான் போகும்." எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, கியர் வண்டி என்று முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் ஆள் யார்? நான். நாலு அடி பதினொரு அங்குலம். கடுகு சிறுத்தாலும் என்று நீ ஆரம்பிக்காதே, கொன்றுவிடுவேன். வாடகை சைக்கிளில் பத்தாம் வகுப்பு வரைக்கும் குரங்குப் பெடல் போட்டவள் நான், அது உனக்குத் தெரியும், நம் உருளைப் பயலுக்குத் தெரியும், நம் தெருவுக்கே தெரியும்.

உருளையிடம்தான் முதலில் சொன்னேன். சிரிக்கவில்லை. அதுவே ஆச்சரியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு காலி மைதானத்துக்குத் தன் புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். கிளாசிக் 350. சீட் உயரம் 805 மில்லிமீட்டர், எடை 195 கிலோ. இந்தக் கணக்கெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்தேன், இரண்டு கட்டைவிரலும் தரையைத் தடவின. ஸ்டாண்டை எடுத்தேன். அது மெதுவாக, மிக மெதுவாக, கோயில் யானை படுப்பது போல இடப்பக்கம் படுத்தது. நானும் கூடவே. அதற்கப்புறம் உருளை சிரித்தான், ஒரு வாரம் சிரித்தான்.

அதன் பிறகு பாடப் புத்தகத்தைப் படிப்பது போல வண்டிகளைப் படித்தேன். சுவரில் முதுகை ஒட்டி நின்று, கணக்கு நோட்டைத் தொடைக்கு நடுவில் அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தால் 68 சென்டிமீட்டர். இந்த அளவை வைத்துக்கொண்டு தையல்கார இன்ச் டேப்போடு ஷோரூம் ஷோரூமாக ஏறினேன். ஒரு இடத்தில் பையன் "சாருக்கா மேடம்?" என்றான். இல்லை, எனக்கு என்றேன். நேராக ஸ்கூட்டர் வரிசைக்குக் கூட்டிப்போனான். இன்னொரு இடத்தில் "சார் வரலையா?" சார் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். உண்மைதான்.

அவெஞ்சரில் உட்கார்ந்த கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். சீட் வெறும் 737 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் பளிச்சென்று தரையில். பிறந்ததிலிருந்து எந்த வண்டியிலும் எனக்குக் கிடைக்காத சுகம் அது. கண்ணாடியில் பார்த்தால் ராணி மங்கம்மாள். அட்வான்ஸ் கொடுக்கவே பர்ஸைத் திறந்துவிட்டேன். அப்புறம் எதற்கோ அந்தப் பையனிடம், இதைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஷோரூம் வாசலில் சின்னச் சரிவு. 220 சிசி வண்டி, 163 கிலோ. தள்ளினேன், அசையவில்லை. எங்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் இருக்கும் ஏற்றம் நினைவுக்கு வந்தது. பர்ஸை மூடிவிட்டேன். அதோடு அது நீளமான வண்டி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 1490 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டரில் அது 1236 தான். காலை முன்னால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு நீளத்தை இருபது வளைவிலும் தினம் இரண்டு தடவை மடக்கித் திருப்ப என் தோளுக்குத் தெம்பில்லை.

அதிலிருந்து எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், குட்டையானவர்கள் வண்டியில் ஏறிப் பார்க்கும் முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். நாம்தான் உயரம் உயரம் என்று அழுகிறோம், கீழே போடுவது என்னவோ எடைதான். ரெய்டர் 125 சீட் 780, எடை 123. ஷைன் 100 சீட் 786, எடை 99 கிலோதான், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பிளெண்டர் 785, 112 கிலோ. மூன்றுக்கும் சீட் உயரத்தில் விரல்கடை வித்தியாசம்கூட இல்லை. ஆனால் சீட்டின் முன்பக்கம் ஒடுங்கி இருந்தால் தொடை அகலாமல் கால் நேரே இறங்குகிறது. இது எந்தக் கம்பெனிக் காகிதத்திலும் போட்டிருக்காது, உட்கார்ந்தால்தான் தெரியும்.

இதற்கு நடுவில் லைசென்ஸ். என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கு. மறுபடி எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டேன். நடுவில் கால் ஊன்றினால் ஃபெயில். எனக்குத்தான் ஊன்ற எட்டாதே! கால் எட்டாமலே எட்டுப் போட்டுப் பாஸாகிவிட்டேன். இந்த ஜோக்கை இதுவரை பதினேழு பேரிடம் சொல்லிவிட்டேன், நீ பதினெட்டு.

ஆனால் நிஜப் பரீட்சை அதற்கு முன்னாலேயே ஏழாவது வளைவில் நடந்துவிட்டது. எல்.எல்.ஆரில் ஓட்டிப் பழகிய காலம். எங்கள் பி.டி. சாரின் நூறு சிசி வண்டி, பின்னால் உருளை. ஏறிக்கொண்டிருக்கிறோம், மேலேயிருந்து பஸ். பஸ் திரும்ப வளைவு முழுசும் வேண்டும், அதனால் நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். நல்ல பிள்ளை மாதிரி தார் ரோட்டின் விளிம்புக்கே போனேன். வலது கால் பிரேக்கில், எடுத்தால் வண்டி பின்னால் உருளும். இடது காலை ஊன்றப் போனால், வசந்தி, அங்கே தரையே இல்லை. தார் முடிந்து ஒரு சாண் பள்ளம். அவ்வளவுதான், மூன்று பேரும் படுத்தோம் (வண்டியையும் சேர்த்து). முட்டியில் சிராய்ப்பு. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, பள்ளத்துப் பக்கம் காலை விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டு போனார்.

அன்றிரவு முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டே யோசித்தேன். இவ்வளவு நாள் என் கால் குட்டை, கால் குட்டை என்றே நினைத்திருக்கிறேன். தரை மட்டும் எல்லா இடத்திலும் ஒரே உயரமா என்ன? ரோடு நடுவில் மேடு, ஓரம் போகப்போகச் சரிவு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள், ஊன்றுவதும் இடது கால், சரிவதும் அந்தப் பக்கம்தான். உயரமான ஆளுக்கு ஒரு சாண் போனால் தெரியாது. நமக்கு அந்த ஒரு சாண்தான் சொத்து. இப்போதெல்லாம் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் நிறுத்துகிறேன். மரங்களுக்கு இடையில் மேல் ரோடு தெரியும், பஸ் இறங்குவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே மட்டமான இடத்தில் நின்றுவிடுவேன். நிறுத்தும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி உட்கார்ந்தால் முன்பாதம் நன்றாகவே பதிகிறது. அதற்கப்புறம் இருபது வளைவையும் ஆறு தடவை ஏறி இறங்கிவிட்டேன். ஒரு தடவைகூட விழவில்லை.

பணக் கதை சுருக்கமாக. சீட்டு எடுத்தது எழுபதாயிரம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதில் புது வண்டி விலை இறங்கியதுதான், ஆனாலும் பதிவு, ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் என் சீட்டுப் பணத்தைத் தாண்டுகிறது. அதுவும் போக, முதல் வருஷம் நான் எப்படியும் இரண்டு தடவை கீழே போடுவேன். புது வண்டியைக் கீழே போட்டால் வலிக்கும். கொண்டலாம்பட்டியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நாலு வருஷம் கடைக்கும் கோயிலுக்குமே ஓட்டிய ஸ்பிளெண்டரை நாற்பத்தெட்டாயிரத்துக்குத் தருகிறார். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்து ஏமாற்றக் கூடாது என்று உருளை சொல்லிக்கொடுத்தபடி காலை ஆறு மணிக்கே போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தது, கடன் முடிந்த என்.ஓ.சி.யைக் கையோடு வாங்கிவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சீட் தைக்கிற பாய் ஒரு அங்குலம் நுரை வெட்டித் தருகிறேன் என்கிறார். இரண்டு அங்குலம் கேட்டேன். "தகரத்துல உக்காருவீங்களா டீச்சர்?" என்றார். ஷாக் அப்சார்பரை இறக்கலாம் என்று ஒரு பையன் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். சைடு ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், காற்றடித்தால் விழும்.

இவ்வளவு எழுதினேனே, ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கணேசண்ணனுக்கு அப்புறம் நமக்குள் வண்டிப் பேச்சே கிடையாது. பதினாறு வருஷம். நான் ஸ்கூட்டர் வாங்கியதைக்கூட உன்னிடம் "ஒன்று வாங்கினேன்" என்றுதான் சொன்னேன், நீயும் என்ன என்று கேட்கவில்லை. நமக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதாகச் சொல்லிவிட்டு எப்போதோ விட்டிருப்பார். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அந்தப் போலீஸ்காரர் சொன்னாரே, அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. இந்தத் தடவை வண்டிக்கு முன்னால் வாங்கியது ஹெல்மெட். நெற்றியைச் சுற்றி அளந்து, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, தலையை ஆட்டினால் ஆடாத அளவில். பால் வாங்கப் போனாலும் பட்டையை மாட்டாமல் சாவியைத் திருகுவதில்லை. உனக்குச் சத்தியம் செய்து தர வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

இன்னொன்று. உருளை ஒரு நாள், "எடை கம்மியா வேணும்னா ஆர்எக்ஸ் 100 தான். 96லயே நின்னு போன வண்டி, வெளியில யானை வில சொல்றான். அம்மா வீட்டுல ஒண்ணு சும்மா நிக்குதே" என்று வாய்விட்டுவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றினேன். அது அங்கேயே நிற்கட்டும். அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதன் மேல் போர்த்திய தார்ப்பாயைத் தட்டுகிறார்கள். அன்றைக்கு மட்டும் கணேசண்ணன் அதை எடுத்துப்போகாமல் வேறு வண்டியில் போனார் என்பதை ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்கிறார்கள்.

வண்டி சனிக்கிழமை கைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல அம்மாபேட்டைக்குச் சாப்பிடப் போக வேண்டும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா இப்போதும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரலாமா என்றுகூட யோசித்தேன். 112 கிலோ, தள்ள முடிகிறது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அப்படித் தள்ளிக்கொண்டிருக்க முடியாது, அம்மாவிடம் மறைக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

நீ முதலில் சொல்கிறாயா, நானே சொல்லட்டுமா? சனிக்கிழமைக்குள் போன் பண்ணு.

உன்
அரைப்படி