தென்கடல் மேலே ஒரு சுண்ணாம்புத் தீற்றல்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழை விட்டதும் ஓடு மாற்றும் வேலை, அப்புறம் தை அமாவாசை. பதில் எழுதக் கை ஒழியவில்லை. முழங்கால் பரவாயில்லை, படியேறத்தான் பயமாக இருக்கிறது.

அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சேதுக்கரை போனேன். காலையில் கால் வைக்க இடமில்லை. ராத்திரி எட்டரைக்குப் பேத்தியின் பைனாகுலரோடு மறுபடி போனேன். நாய்களைத் தவிர ஒருவருமில்லை. தெற்கே அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. அதற்குக் கீழே சற்று வலப்பக்கம், கடலுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில், வெற்றிலை போட்டவன் விரல் சுண்ணாம்பைச் சுவரில் தேய்த்தது போல ஒரு வெளுப்பு. மேகம் என்றுதான் நினைத்தேன். அரைமணி கழித்தும் கலையவில்லை. அதுதான் பெரிய மெகல்லன் மேகம். பெயரில்தான் மேகம், 1.6 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் தனி கேலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்!

பள்ளியில் கேலக்ஸி என்றால் சங்குச்சக்கரம் சுற்றுவது போல ஒரு படம் காட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு வகைதான். 1926-ல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர் இவற்றை வடிவம் பார்த்துப் பிரித்தார். நீள்வட்ட வகைக்கு 0 முதல் 7 வரை எண். 0 என்றால் புன்னைக்காய் போல உருண்டை, 7 என்றால் பேரீச்சங்கொட்டை. அவற்றில் புது நட்சத்திரம் பிறப்பது அபூர்வம், பெரும்பாலும் வயதான செந்நிற நட்சத்திரங்களே. இன்னொன்று சுருள் வகை, நடுவிலிருந்து கைகள் வளைந்து நீளும். அதிலும் நடுவில் பட்டை போட்டது உண்டு. நம் பால்வீதி அந்த ரகம்தான். இரண்டுக்கும் நடுவே லென்ஸ் போன்ற தட்டைகள். எதிலும் அடங்காதவை ஒழுங்கற்றவை.

சுருள்கைதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. சூரியன் பால்வீதியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 23 கோடி ஆண்டு. உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றி முடிக்கும், வெளியே இருப்பவை பின்தங்கும். அப்படியானால் கைகள் கம்பத்தில் சுற்றிய கயிறாக என்றோ இறுகியிருக்க வேண்டுமே? தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964-ல் லின், ஷூ என்ற இருவர் விடை சொன்னார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் பார்க்க வண்டியை ஓரங்கட்டுவார்கள் அல்லவா? நெரிசல் அங்கேயே நிற்கும், அதற்குள் இருக்கும் வண்டிகள் மாறிக்கொண்டே இருக்கும். சுருள்கையும் அப்படி ஒரு நெரிசல்தான். நட்சத்திரங்கள் உள்ளே வந்து, மெதுவாகி, கடந்து போய்விடும். நெரிசலில் வாயு அமுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறப்பதால்தான் கைகள் அப்படி ஜொலிக்கின்றன. எல்லாச் சுருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை என்கிறார்கள், அது வேறு கதை.

அன்று வடமேற்கில் ஆண்ட்ரோமீடாவையும் பார்த்தேன். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துச் சுருள், பேர்பெற்ற அழகு. பைனாகுலரில் மங்கல் முட்டை! எனக்கென்னவோ தெற்கே இருந்த தீற்றலைத்தான் பிடித்தது. அதையும் முழுக்க ஒழுங்கற்றது என்று தள்ள முடியாது. நடுவில் ஒரு பட்டை, ஒற்றைச் சுருள்கை இருக்கிறது. பால்வீதியின் இழுப்பும் அதன் தம்பியான சிறிய மெகல்லன் மேகத்தின் இழுப்பும் சேர்ந்து அதை இப்படிக் கோணலாக்கிவிட்டன.

ஒரு வயிற்றெரிச்சல் மட்டும் சொல்லிவிடுகிறேன். 1987 பிப்ரவரியில் அந்த மேகத்துக்குள் ஒரு நட்சத்திரம் வெடித்து, வெறும் கண்ணுக்கே தெரிந்ததாம். நாம் வேலை தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இதே மணலில் படுத்துக் கிடந்த காலம் அது. தெற்கே தலை திருப்பியிருக்கிறோமா?

மாசி அமாவாசைக்கு வந்துவிடு. ஏழரைக்கு மேல் தெரியும். சித்திரை பிறந்தால் இருட்டும்போதே சாய்ந்துவிடும். பைனாகுலரைப் பேத்தியிடம் கெஞ்சி வாங்கி வைக்கிறேன். வெற்றிலை நீ கொண்டு வா, சுண்ணாம்பு என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
சேது