பெரிய டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் இன்னும் பலருக்கும்

ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரார் சேர்ந்து நடத்தும் பாலர் பள்ளியை முடித்துவிட்டு, வருகிற ஜூனில் எங்கள் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கு மூளை முடக்குவாதம். எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். முதலில் கேட்டுப் போன வேறொரு பள்ளியில், "தனியா பாத்துக்க எங்ககிட்ட ஆள் இல்லைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே பெரிய டீச்சர், "பாப்பாவுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?" என்று கேட்டார். டீச்சர், அந்தக் கேள்விக்கே உங்களுக்கு முதல் நன்றி.

பாப்பாவுக்கென்று தனி ஆள் போடவே மாட்டேன் என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பயமாக இருந்தது. தனி ஆள் வந்தால் மற்ற எல்லாரும் கையை எடுத்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். வாரம் ஒரு சாயங்காலம் டீச்சர்கள், ஆயாம்மா, சமையல் அக்கா எல்லாரையும் பாயில் உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவார். ஆயாம்மா பேசினால் பெரிய டீச்சர் நோட்டை எடுத்து எழுதுவார். தலைமை என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

சாப்பிடும்போது பாப்பாவின் கால் தொங்குகிறது, அதனால்தான் சரிந்து சரிந்து விழுகிறாள் என்று முதலில் கவனித்தது ஆயாம்மா. சேலம் பெரிய ஆஸ்பத்திரி பிசியோதெரபி அம்மா அளவு எழுதிக் கொடுத்தார். எஸ்டேட் தச்சர் அண்ணன், பாதம் பலகையில் முழுதாகப் பதியும்படி சில்வர் ஓக் மரத்தில் நாற்காலி செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதில் உட்கார்ந்த பிறகுதான் அவள் தானே கரண்டி பிடித்தாள். ஆயாம்மா, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் நாங்கள் விடியலிலேயே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே கதவு திறந்தீர்களே, அதையும் மறக்க மாட்டோம்.

சின்ன டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கே பேசக்கூடாது. ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தைத் தவழ்ந்து பிடிக்கிற ஆட்டமாக்கினார். அதில் எங்கள் மகளை யாரும் சுலபத்தில் பிடிக்க முடியாது! தண்ணி, பாத்ரூம், போதும் என்று அவர் வரைந்து மாட்டிய படங்களை இப்போது எல்லாப் பிள்ளைகளும் தொட்டுக் காட்டுகிறார்கள்.

கொத்தனார் அண்ணனுக்கும் நன்றி. வாசல் 1 அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளமாவது வேண்டும், குறைத்தால் செங்குத்தாகிவிடும் என்று பெரிய டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. இடம் போதவில்லை. அண்ணன் திருப்பம் வைத்துக் கட்டிக் கொடுத்தார். முட்டிவலிப் பாட்டிகளும் அதில்தான் ஏறி வருகிறார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இலவசக் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது என்று பெரிய டீச்சர் ஒருமுறை சொன்னார். உட்காரவும் கேட்டு வாங்கவும் பிள்ளை கற்கிற வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த வயதில் எங்களுக்குக் கதவு திறந்தவர்கள் நீங்கள்.

நாற்காலியைப் பள்ளியிலேயே விட்டுச் செல்கிறோம். அடுத்து வரும் பிள்ளைக்குத் தகுந்தபடி உயரத்தை மாற்றித் தருவதாகத் தச்சர் அண்ணன் சொல்லியிருக்கிறார். மலையில் எந்த ஊரிலாவது அப்படி ஒரு குழந்தை வீட்டிலேயே இருந்தால், பெரிய டீச்சரிடம் அழைத்து வாருங்கள்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா, அப்பா