அப்டேட்டுக்குப் பின் கைரேகைக் கருவி தெரியவில்லை: பிரவுசர் நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்புப் பொறுப்பாளர்,
பொதுச் சேவை மையம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
பிரவுசர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: தானாக இறங்கிய அப்டேட்டுக்குப் பின் கைரேகைக் கருவி செயல்படாமை, அச்சுத் தாள் அளவு மாறுதல், பழைய பதிப்புக்குத் திரும்ப வழியின்மை தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பிரவுசரின் கடைசி அப்டேட் இறங்கியதிலிருந்து, எங்கள் மையத்தின் ஆறு கணினிகளிலும் கைரேகை வைக்க வேண்டிய பக்கங்கள் “கருவி இணைக்கப்படவில்லை” என்று சொல்லி நின்றுவிடுகின்றன. கருவியில் பழுது இல்லை. டிரைவர் சரியாக இருக்கிறது. விண்டோஸில் எதையும் மாற்றவில்லை. தடுப்பது உங்கள் பிரவுசர்தான். அதை நிரூபிக்கும் சோதனையையும் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் உதவிப் பக்கம் சொல்வதுபோல் கேஷை அழித்து, நீட்டிப்புகளை நிறுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்தாயிற்று. தயவுசெய்து அதே பதிலைத் திரும்ப அனுப்பாதீர்கள்.

முதலில் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவியோடு இணையப் பக்கம் யுஎஸ்பி வழியாக நேரடியாகப் பேச முடியாது. நடுவே ஆர்டி சர்வீஸ் என்ற நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். குறியாக்கம் செய்து பூட்டிய ரேகையைத்தான் அது பக்கத்துக்குக் கொடுக்கும். அந்த நிரல் 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது கணினி தன்னையே குறிக்கும் உள் முகவரியில், 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட வாசல்களான போர்ட்டுகளில் ஏதோ ஒன்றில் காத்திருக்கும். எந்தப் போர்ட் என்று பக்கத்துக்குத் தெரியாது. அதனால் 21 போர்ட்டுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். ஒன்றிலிருந்து ‘தயார்’ என்ற பதில் வந்தால் கருவி கிடைத்துவிட்டது என்று பொருள். ஆதார் ஆணையமே வகுத்த முறை இது. எந்தத் தயாரிப்பாளரின் கருவியானாலும் இப்படித்தான்.

புதிய பதிப்பில் நீங்கள் கொண்டுவந்திருப்பது, பொது இணையத்தில் உள்ள ஒரு தளம் இந்த உள் முகவரியைத் தொட வேண்டுமென்றால் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. கட்டுப்பாடு தேவையானதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் மெட்டா, யாண்டெக்ஸ் செயலிகள் இதே உள் முகவரியில் காதை வைத்துக்கொண்டு, பிரவுசரில் பார்க்கப்படும் தளங்களின் தகவலை வாங்கிக்கொண்டிருந்ததை 2025 ஜூனில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கதவைப் பூட்டியது சரி. சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் பூட்டியதுதான் என் புகார்.

அனுமதிப் பெட்டியில் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இந்தத் தளம் உங்கள் உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடி இணைய விரும்புகிறது என்கிறது. கைரேகைக் கருவி நெட்வொர்க்கில் இல்லை. இதே கணினியில் யுஎஸ்பி கம்பியில் தொங்குகிறது. இதைப் படிக்கும் ஆபரேட்டர், அக்கம்பக்கத்துக் கணினிகளுக்குள் ஏதோ நுழையப் பார்க்கிறது என்றுதான் நினைப்பார். தெரியாத அனுமதியைக் கேட்டால் ‘தடு’ என்று அழுத்தச் சொல்லித்தான் எல்லோரும் அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். அழுத்திவிடுகிறார். அவர் மேல் பிழை இல்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து அந்தத் தளத்துக்கு அந்த பிரவுசர் கணக்கில் கேள்வி மீண்டும் வராது. பதில் சொல்லாமல் பெட்டியை மூடினாலும் சில தடவைகளுக்குப் பிறகு கேட்பதே நின்றுவிடுகிறது.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ரேகை வைக்கும் பகுதி பல தளங்களில் முதன்மைப் பக்கத்துக்குள் வேறொரு முகவரியிலிருந்து வரும் சட்டகமாக, அதாவது ஐஃபிரேமாக, பதிக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டகத்துக்கு உள் முகவரியைத் தொடும் உரிமையை முதன்மைப் பக்கம் வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் அனுமதிப் பெட்டியே தோன்றாது. பக்கம் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் இல்லாமல் பழைய ஹெச்டிடிபியில் இருந்தாலும் இதே கதிதான். ஆபரேட்டர் ‘அனுமதி’ என்று அழுத்தத் தயாராக இருந்தும் அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை.

தடுத்த பிறகு பக்கத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. பிரவுசர் தடுத்தாலும், அந்தப் போர்ட்டில் யாருமே இல்லாவிட்டாலும், பக்கத்தின் நிரலுக்குக் கிடைப்பது ஒரே வகைப் பிணையப் பிழை. அந்தப் பிழையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. அதனால் “கருவி இணைக்கப்படவில்லை” என்று காட்டுகிறது. ஆபரேட்டர் கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறார், டிரைவரை நீக்கித் திரும்ப நிறுவுகிறார். அதற்குப் பிறகு ஆர்டி சர்வீஸ் மறுபடி தயார் நிலைக்கு வரக் காத்திருக்க வேண்டும். பி.எம். கிசான் தவணைக்கு இ-கேஒய்சி என்ற ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு செய்ய வரும் விவசாயிகளில் பலர் வயதானவர்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள். கருவி வேலை செய்யவில்லை என்றதும், ‘உங்க ரேகைதான் விழலை, இன்னொரு நாள் வாங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ரேகை எடுக்கும் கட்டத்துக்கே பக்கம் போகவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தவர், தன் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறார். இதற்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டும்.

இனி சோதனை. சர்வீசஸ் சாளரத்தில் ஆர்டி சர்வீஸ் ஓடுவதை உறுதி செய்துகொண்டு, முகவரிப் பட்டையில் 127.0.0.1 என்பதோடு முக்காற்புள்ளி வைத்து 11100 என்று நேரடியாக அடித்துத் திறக்க வேண்டும். அது திறக்காவிட்டால் 11101, 11102 என்று மேலே போகலாம். பதிலாகப் பிழைச் செய்தி வந்தாலும் சரி. முகவரிப் பட்டை அனுப்பும் கோரிக்கையும் சர்வீஸ் எதிர்பார்க்கும் கோரிக்கையும் வேறு என்பதால் அப்படி வரலாம். ஏதோ ஒரு பதில் வந்தாலே அங்கே ஆள் இருக்கிறார் என்று பொருள். அதே நேரத்தில் இணையப் பக்கம் ‘கருவி இல்லை’ என்று சொன்னால், நடுவில் தடுத்தது பிரவுசர்.

இரண்டாவது சான்று நேரம். விண்டோஸில் மூடிய உள் போர்ட்டைத் தட்டினால், மறுப்பு வந்த பிறகும் சில முறை முயன்று பார்த்துவிட்டே கைவிடும். ஒரு போர்ட்டுக்குத் தோராயமாக 2 விநாடி. உண்மையிலேயே கருவி இல்லாவிட்டால், ஒவ்வொன்றாகத் தேடும் பக்கம் 21 போர்ட்டுகளையும் முடிக்க 40 விநாடிக்கு மேல் ஆகும். எங்கள் கணினிகளில் பிழை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. எஃப்12 விசையை அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்று, பிழைகள் பதிவாகும் கன்சோல் பகுதியில் சிவப்பு வரி நிற்கிறது. காரணம் உங்களுக்குத் தெரிகிறது, எழுதியும் வைக்கிறீர்கள். ஆனால் எஃப்12 அழுத்தத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும்.

இப்போதைக்கு நாங்கள் செய்துகொண்டிருப்பது: முகவரியின் இடப்பக்கச் சின்னத்தை அழுத்தி, தள அமைப்புகளுக்குப் போய், உள்ளூர் நெட்வொர்க் அணுகலை ‘அனுமதி’ என்று மாற்றி, பக்கத்தை மீளேற்றுவது. இது தளத்துக்குத் தளம், பிரவுசர் கணக்குக்குக் கணக்கு தனித்தனி. ஆறு கணினி, கணினிக்கு மூன்று கணக்கு, நான்கு தளம் என்றால் 72 முறை. பலர் உட்காரும் கணினி என்பதால் உலாவல் தரவை அடிக்கடி அழிக்கிறோம். அப்போது ‘தள அமைப்புகள்’ கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டால் கொடுத்த அனுமதியும் சேர்ந்து போய்விடும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரி வழியாகக் குறிப்பிட்ட தளங்களுக்கு மொத்தமாக அனுமதி தரும் நிர்வாகக் கொள்கை இருக்கிறது. அதை வைத்துத்தான் இரண்டு கணினிகளைச் சரிசெய்திருக்கிறேன். ஆனால் அதைப் பற்றி உங்கள் பயனர் உதவிப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. பெரிய நிறுவனங்களின் ஐடி துறைக்கான ஆவணத்துக்குள் கிடக்கிறது.

அச்சுப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்டேட்டுக்குப் பின் சேமித்திருந்த அச்சு அமைப்புகள் போய், தாள் அளவு ஏ4-இலிருந்து ‘லெட்டர்’ என்ற அமெரிக்கத் தாள் அளவுக்கு மாறிவிட்டது. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279.4. அந்த 17.6 மில்லிமீட்டர் குறைவால் ஒரு பக்கச் சான்றிதழின் அடியில் இருக்கும் கியூஆர் குறி இரண்டாம் தாளுக்குப் போகிறது. குறி இல்லாத முதல் தாளை மட்டும் எடுத்துப் போனால் எந்த அலுவலகத்திலும் வாங்க மாட்டார்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. பழைய நிறுவியை ஓட்டினால், புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று நின்றுவிடுகிறது. நீக்கிவிட்டு நிறுவினால், புதிய பதிப்பு தொட்ட பயனர் கோப்புறையைப் பழையது திறக்க மறுக்கிறது. புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அவற்றை முன்னதாகவே ஏற்றுமதி செய்து வைத்திருந்தால்கூட, பின்னணியில் ஓடும் அப்டேட் பணி விரைவிலேயே புதியதைத் திரும்ப இறக்கிவிடும். அதை நிறுத்தி வைத்தால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுபோகும். பணம் கையாளும் கணினியில் அதைச் செய்ய நான் தயாராக இல்லை.

என் அடிப்படைக் குறை இதுதான். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் நடைமுறையை மாற்றும் கட்டுப்பாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறீர்கள். முன்னதை மறுக்க முடியாது என்பதால் பின்னதையும் எந்த அவகாசமும் இன்றி ஏற்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியும். பயர்பாக்ஸ் 2012 முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பை வைத்திருக்கிறது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும், பெரிய மாற்றங்கள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறைதான். 2021-இல் குரோம் நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று வேகம் கூட்டியபோது, நிறுவனங்களுக்கு எட்டு வாரச் சுற்று ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. தவறைத் திருத்திக்கொண்டதற்கும் முன்மாதிரி உண்டு. அதே ஆண்டு ஜூலையில் வந்த குரோம் 92, வேறு தளத்துச் சட்டகத்திலிருந்து எழும் எச்சரிக்கைப் பெட்டிகளைத் தடுத்தது. பல தளங்கள் முடங்கி எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாற்றம் தள்ளிவைக்கப்பட்டது.

ஆகவே, உடனடியாக அனுமதிப் பெட்டியின் வாசகத்தை மாற்றுங்கள். இதே கணினியில் ஓடும் நிரலைத் தொடுவதையும் வெளியே உள்ள மற்ற சாதனங்களைத் தொடுவதையும் தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ் வாசகத்தை, கருவியைப் பயன்படுத்துகிற ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். தடுத்திருக்கும்போது முகவரிப் பட்டையில் கண்ணில் படும்படி ஒரு குறி காட்டுங்கள். அதை அழுத்தினால் காரணமும் மாற்றும் வழியும் தெரிய வேண்டும். பெட்டி தோன்றாத ஐஃபிரேம், ஹெச்டிடிபி பக்கங்களிலும் அந்தக் குறி வர வேண்டும். அந்தத் தளங்களைத் திருத்த வேண்டிய துறைகளுக்கு ஆறு மாத அவகாசமாவது கொடுங்கள், அதுவரை பழைய நடைமுறைக்குத் திரும்பும் விருப்பத்தை அமைப்புகளில் வையுங்கள். சிறு மையங்களும் தேர்ந்தெடுக்கக்கூடிய நீண்டகாலப் பதிப்பு எப்போது வரும் என்பதையும் தெரிவியுங்கள். அச்சுத் தாள் பிழைக்கு அடுத்த பதிப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை; இடைத் திருத்தமாக வெளியிடலாம்.

ஆறு கணினிகளின் பதிப்பு எண்கள், கன்சோல் பதிவு, இரண்டு தாள்களாகப் பிரிந்து வந்த சான்றிதழின் பெயர் மறைத்த நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள், தானியங்கிப் பதிலாக இல்லாமல், இந்தப் பகுதியின் நிரலை எழுதும் குழுவிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். கூடுதல் பதிவுகள் தேவைப்பட்டால் எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினிப் பராமரிப்புப் பொறுப்பாளர்.