புரட்டாதிச் சனியும் அவுஸ்திரேலியக் காகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவணி முடிய முன்னரே சிட்னிக்கும் மெல்பேணுக்கும் பிள்ளைகளிடம் புறப்படும் தாய் தகப்பன்மார் எங்கள் ஊர்களில் இப்போது அதிகம். மூன்று மாத விசாவில் போகிறவர்கள் புரட்டாதிச் சனி விரதத்தையும் அங்கேயே பிடிக்கிறார்கள். எள்ளெண்ணெய் எரிக்கக் கோயில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து காகத்துக்குச் சோறு வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே புரட்டாதி இளவேனில் காலம். பறவைகள் முட்டையும் குஞ்சுமாக நிற்கும் நேரம். போகிறவர்கள் சில விடயங்களை அறிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் காகம். எங்கள் கூரையில் குந்துகிற சாம்பல் கழுத்துக் காகம் அங்கே இல்லை. கப்பலில் தொற்றிக்கொண்டு போய் இறங்கும் ஒன்றிரண்டையும் அதிகாரிகள் தேடிப் பிடித்து அழித்துவிடுவார்கள். அங்குள்ளவை உடல் முழுக்கக் கறுப்பு; வளர்ந்தவற்றின் கண்மணியைச் சுற்றி வெள்ளை. சிட்னியிலும் பேர்த்திலும் இருப்பது அவுஸ்திரேலிய ரேவன்: தொண்டையில் தாடிபோல இறகு தொங்கும், குரலின் கடைசிப் பகுதியை இழுத்து அழுவதுபோலக் கத்தும். மெல்பேணில் பெரும்பாலும் சின்ன ரேவன். கத்தும் ஒவ்வொரு தடவையும் செட்டையை மேலே உதறும். பிறிஸ்பேனில் ரொறேசியன் காகம். வந்து இறங்கியதும் செட்டைகளைத் திரும்பத் திரும்ப மடித்துச் சரிசெய்யும். “கா, கா” என்று கூப்பிட இவை வேலிக்கு ஓடி வருவது அருமை. பிதிர்கள் ஏற்கவில்லையோ என்று கவலைப்பட அதில் ஒன்றுமில்லை. எங்கள் காகம் மனிதரை அண்டியே பிழைப்பது. அவை அப்படிப் பழகியவை அல்ல.

காகம் வராத சோறு சும்மா கிடக்காது. பின்வளவில் இரவு கிடந்தால் எலி வரும். பகலில் புறாவும் மைனாவும் வரும். இந்த மைனா எங்கள் ஊர் மைனாவேதான். பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் என்று நம்பி 1862இல் மெல்பேணில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அது மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் கிளிகளைக் கூடுகட்ட விடாமல் துரத்துகிறது. கண்ணோரத்து மஞ்சளை மட்டும் பார்த்து, நொய்சி மைனர் என்ற உள்ளூர்ப் பறவையையும் மைனா என்று விரட்டுகிறவர்கள் உண்டு. உடல் மண்ணிறமாக, பறக்கும்போது செட்டையில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் அது எங்கள் மைனா. உடல் சாம்பலாக இருந்தால் அது அந்த மண்ணுக்குரியது. சட்டப் பாதுகாப்பும் அதற்கு உண்டு.

ஆகவே விரதச் சோற்றில் ஒரு கவளம், உப்பில்லாமல், ஒரு தட்டில் போதும். கால் மணித்தியாலம் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். கூடு இருக்கும் மரத்தின் கீழ் மட்டும் வைக்க வேண்டாம். ஏனென்றால் அங்கே மக்பை இருக்கும்.

மக்பை எங்கள் காகத்தளவு, கறுப்பும் வெள்ளையுமான பறவை. புல்தரையில் நாலு அடி நடந்து, தலையைச் சரித்து நின்று, மண்ணுக்குள் புழு அசையும் சத்தத்தைக் கேட்டுக் கொத்தியெடுக்கும். விடியற்காலையில் அது பாடுவதைக் கேட்டால் இதுவா ஆட்களை அடிப்பது என்று தோன்றும். பின்கழுத்து சுத்த வெள்ளையாக இருந்தால் ஆண், சாம்பல் படர்ந்திருந்தால் பெண். அடைகாப்பது பெண் மட்டும், ஏறக்குறைய மூன்று கிழமை. குஞ்சு கூட்டைவிட்டு இறங்க இன்னும் நாலு கிழமை. இந்தக் காலத்தில் ஆண் காவல் நிற்கும். எல்லா ஆணும் தாக்குவதில்லை, பத்தில் ஒன்றளவுதான். ஆனால் தாக்குகிறது என்றால் கூட்டிலிருந்து நூறு மீற்றருக்குள் வருகிறவரைப் பின்பக்கமாக வந்து அடிக்கும். காதுக்குப் பக்கத்தில் சொண்டு “சடக்” என்று அடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

அது ஆளின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும். கல்லெறிந்தவரை அடுத்த வருடமும் அடையாளம் கண்டு அடிக்கும்; சட்டை மாற்றிப் பயனில்லை. ஓடக் கூடாது. ஓடினால் காயத்தைவிட விழுகைதான் பெரிய ஆபத்து. 2021 ஓகஸ்டில் பிறிஸ்பேன் பூங்காவொன்றில் மக்பைக்கு விலகிய தாய் தடக்கி விழ, கையிலிருந்த ஐந்து மாதக் குழந்தை இறந்துபோனது. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ தள்ளுவண்டியிலோ போகிறவர்கள் குடையை விரித்துப் பிடித்து, பறவையைத் திரும்பிப் பார்த்தபடி மெல்ல நடந்து அந்த எல்லையைக் கடக்க வேண்டும். கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பெரும்பாலும் இறங்காது. சைக்கிளில் போனால் இறங்கி உருட்டுங்கள். தலைக்கவசத்தில் பிளாஸ்ரிக் கம்பிகளை நட்டுக்கொண்டு போவதால் அது பயந்துவிடாது. அந்தப் பாதையையே ஆறு கிழமைக்குத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

சோறும் இறைச்சியும் போட்டுச் சிநேகம் பிடித்தால் அடிக்காது என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள். அரைத்த இறைச்சியில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. தாய் அதையே ஊட்டினால் குஞ்சின் எலும்பு வளைந்து முறியும். பாணும் அப்படியே: வயிற்றை நிரப்பும், சத்தில்லை.

புல்தரையில் இன்னொரு காவற்காரர் நிற்பார். மஞ்சள் தோல் முகத்தில் தொங்கும் ஆட்காட்டி; எங்கள் தரவைகளில் கத்தித் திரிகிற ஆட்காட்டியின் சொந்தக்காரர்தான். விளையாட்டு மைதானம், வாகனத் தரிப்பிடம் என்று வெறுந்தரையில் மூன்று நான்கு முட்டை இடும். செட்டையின் மடிப்பில் மஞ்சள் முள் ஒன்று உண்டு. அதில் விஷம் இருக்கிறது என்பது வெறுங்கதை. குஞ்சுகள் பொரித்துச் சில மணித்தியாலங்களில் ஓடத் தொடங்கும். தூக்கி எடுத்துக் காப்பாற்றப் போகாதீர்கள், பெற்றோர் பக்கத்தில்தான் நிற்கும்.

கிளிகளைப் பற்றிச் சுருக்கமாக: கொண்டையுள்ள வெள்ளைக் கொக்கட்டூவுக்கு ஒருநாள் வைத்தால் மறுநாள் கூட்டமாக வரும், வந்தவை ஜன்னல் சட்டத்தையும் மரத்தளத்தையும் கொறித்துத் தள்ளும். சிட்னியில் குப்பைத் தொட்டி மூடியைத் திறக்கவும் ஒன்றைப் பார்த்து ஒன்று பழகிவிட்டன. லொரிகீற்றுக்கு நாக்கின் நுனி தூரிகைபோல, தேனும் மகரந்தமும் வழித்தெடுக்க அமைந்தது, சோற்றுக்கு உரியதல்ல. ஒரே தட்டில் பல கிளிகள் தின்றால் சொண்டையும் இறகையும் கெடுக்கும் வைரஸ் நோய் இலகுவாகப் பரவும். பறவைக்கு ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் வையுங்கள்: அகன்ற மண்சட்டி, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஏறி நிற்க ஒரு கல், பூனைக்கு எட்டாத உயரம், தினமும் கழுவி மாற்ற வேண்டும்.

பிறிஸ்பேன் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று கூட. கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் போட்ட பசளைச் சருகையெல்லாம் சீவி எடுத்து, சிவந்த மொட்டைத் தலைக் காட்டு வான்கோழிச் சேவல் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கும்பி கட்டும். சருகு உக்கும் சூட்டில்தான் முட்டை பொரிக்கிறது. சேவல் சொண்டை உள்ளே விட்டுச் சூடு பார்த்து, சருகைக் கூட்டியும் குறைத்தும் 33 முதல் 35 பாகையில் வைத்திருக்கும். முட்டை விழுந்த பிறகு அதைக் கலைக்கச் சட்டம் விடாது. சீவத் தொடங்கிய முதல் நாட்களிலேயே அந்த இடத்தைத் தறப்பாளால் மூடிக் கல் வைத்துவிட்டு, செடிகளின் அடியில் கோழிவலையைத் தட்டையாக விரித்து அதன்மேல் பெரிய கற்களைப் பரப்பிவிட்டால் அது வேறு வளவு பார்த்துப் போய்விடும்.

பறவை அவதானி,
கோண்டாவில்.