நீலக் கோடுகளைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய வரைபட அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். எங்கள் பகுதியின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) வரைபடத் தாள்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். 2020-இலேயே டெல்டாவைக் காக்கச் சட்டம் வந்தாயிற்று. அப்படியிருந்தும் 2023-இல் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் எங்கள் பக்கத்து வடசேரி ஏறியது. ஏப்ரலில் நீக்கினார்கள், சரி. மறுபடி ஏறாது என்று யார் சொல்வது? நெய்வேலியில் சுரங்கம் தின்ற ஊர்கள் எங்கே இருந்தன என்று பழைய தாள்தான் காட்டும். எங்களுக்கு அது முன்கூட்டியே வேண்டும்.

போன மாதம் எண்பது தாண்டிய அப்பாவோடு ராத்திரி பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எங்கள் ஊர் இருக்கும் 58 என்/6 எண் தாளைக் கேட்டேன். கடலோரப் பகுதி, நாட்டின் பாதுகாப்பு, தர முடியாது என்றார்கள். அப்புறம் மனமிரங்கி ஒரு ஜெராக்ஸ் நீட்டினார்கள். கறுப்பு வெள்ளை.

ஐயா, அந்தத் தாள்களில் தண்ணீர் நீலம், சாலை சிவப்பு, மேட்டுக்கோடு பழுப்பு. தட்டையான எங்கள் ஊரில் பழுப்புக்கு வேலையே இல்லை, நீலம்தான் எல்லாம். வாய்க்கால், வடிகால், கரைமேல் வண்டிப்பாதை மூன்றும் ஒட்டியே ஓடும். ஜெராக்ஸில் மூன்றும் கறுப்பு. அப்பா ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். "இது வடிகாலா, பாதையா தம்பி?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்று பிளாட் கல் நட்டிருக்கும் இடத்தில், தான் நீச்சல் பழகிய குளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் என்று எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தூர்ந்துபோன குளத்தை எந்த எதிரி நாடு வந்து பிடிக்கப்போகிறது? அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட இந்தியப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறது. 2,50,000-க்கு 1 என்ற அளவு. ஊர்க் குளம் அதில் புள்ளிகூட ஆகாது. 2021-இல் மத்திய அரசே வரைபடக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. உங்கள் பீரோவுக்கு மட்டும் செய்தி வரவில்லை போலும். 1808-இல், இந்தியாவை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டனின் அளவைக் கருவி தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அடிபட்டதே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லையா?

மன்னிக்கவும், வாய் நீண்டுவிட்டது. தயவுசெய்து அந்தத் தாளை வண்ணத்தில் தாருங்கள். கட்டணம் கட்டத் தயார். மறுபடியும் பஸ் ஏற அப்பாவால் முடியாது. அதனால் வீட்டில் போனில் பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
58 என்/6-இல் குடியிருப்பவன்